கணனி இணையாவிட்டால் முதலில் என்ன பார்ப்பது?

(தோட்டத்து நலன்புரி மண்டபத்தில் நடந்த மாதாந்தப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சு)



அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்புப் பற்றவைக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

2020 இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது மலைநாட்டுப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகு நம்முடைய லயத்துக் காம்பராக்களிலும் ஒன்றிரண்டு பழைய கணனிகள் வந்துவிட்டன. இவற்றுக்கு இன்டர்நெட் வயர் கிடையாது. போனில் ஹொட்ஸ்பொட் போட்டால் கணனி அதைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காத நாளில்தான் வீட்டில் சண்டை.

மேல் டிவிசனில் ஒரு பிள்ளை உயர்தரம் சித்தியடைந்து, பல்கலைக்கழகத்துக்கு இணையவழியில் விண்ணப்பம் அனுப்ப இருந்தது. முடிவு நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது கணனி போனைப் பிடிக்க மறுத்துவிட்டது. தாய் எங்களிடம் ஓடிவந்தார். நாங்களும் ஒன்றையும் பார்க்காமல், "டவுனுக்குக் கொண்டு போங்க அக்கா" என்று சொல்லிவிட்டோம். அந்தப் பிழை எங்களுடையது. அவர் ஒரு நாள் வேலையை விட்டு, பெட்டியைப் படங்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். "வைஃபை கார்ட் செத்துப்போச்சு, புதுசு போடணும்" என்றார்களாம். கையில் அவ்வளவு காசு இல்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

அன்று இரவு பக்கத்துக் காம்பராப் பையன் தன்னுடைய பழைய போனில் ஹொட்ஸ்பொட் போட்டான். கணனி உடனே பிடித்தது! செத்துப்போன கார்ட் எப்படிப் பிடிக்கும்? அப்போதுதான் விசாரித்தோம். அண்ணன் கொழும்பிலிருந்து புதுப் போன் அனுப்பியிருக்கிறார். தொல்லை தொடங்கியதும் அன்றைக்குத்தான்.

பெரியவர்களுக்கு இது எளிதாக விளங்கும். மீடியம் வேவ் மட்டும் உள்ள பழைய றேடியோவில் எவ்வளவு திருகினாலும் எப்.எம். வராது அல்லவா? அதே கதைதான். வைஃபையில் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை பரவலாக உண்டு. பழைய கணனிகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். புதுப் போன் 5 இல் அனுப்பினால் அதன் பெயர்கூட கணனித் திரையில் வராது. போனில் ஹொட்ஸ்பொட் செட்டிங்கைத் திறந்து, 'பேண்ட்' என்ற இடத்தில் 2.4 ஐத் தெரிவு செய்தால் போதும். சில போன்களில் அதற்கு வேறு பெயர் இருக்கும், பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள். நாங்கள் செய்ததும் அவ்வளவுதான். விண்ணப்பம் முடிவு நாளுக்கு முதல்நாள் போய்ச் சேர்ந்தது.

ஆகவே இணைப்பு வராவிட்டால் முதலில் இன்னொரு போனை வைத்துப் பாருங்கள். அதைப் பிடித்தால் கணனியில் பிழை இல்லை. பெயர் தெரிகிறது, ஆனால் சேரவில்லை என்றால், பழைய இணைப்பை 'ஃபொர்கெட்' கொடுத்து அழித்துவிட்டு, பாஸ்வேர்டைப் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்த்துத் திரும்ப அடியுங்கள். எந்தப் போனையும் பிடிக்காவிட்டால், ஏரோப்ளேன் மோட் தவறுதலாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கணனியை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வைஃபையை இயக்கும் 'டிரைவர்' கெட்டிருக்கலாம். போனைச் சார்ஜர் வயரால் கணனியில் மாட்டி 'யூ.எஸ்.பி. டெதரிங்' போட்டால், வைஃபை இல்லாமலே இன்டர்நெட் வரும். அதைக்கொண்டு டிரைவரை இறக்கலாம். அவசர விண்ணப்பத்தையும் அப்படியே அனுப்பலாம்.

இன்னொன்று, இது பலரை ஏமாற்றுவது. வைஃபை சேர்ந்திருக்கும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. மூலையில் திகதியைப் பாருங்கள். கணனிக்குள்ளே காசு அளவில் 2032 என்ற பெட்டரி ஒன்று இருக்கிறது. அது இறங்கிவிட்டால், கரண்ட் போய் வந்ததும் திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். திகதி பிழை என்றால் இணையப் பக்கங்கள் நம்ப மறுக்கும். திகதியைத் திருத்தினால் திறக்கும். பெட்டரியை மாற்றினால் திரும்ப அந்தக் கரைச்சல் வராது. மாற்றும்போது பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

வயர் இல்லாத மவுஸ், கீபோர்ட் விஷயம் சின்னது. அடியில் உள்ள சுவிட்ச், பெட்டரி, இரண்டையும் பாருங்கள். கூட வரும் விரல் நகமளவு சாமானைத் தொலைக்காதீர்கள். வேறொரு மவுஸின் சாமான் பொதுவாக இதற்குச் சேராது. மவுஸ் விட்டு விட்டு ஓடினால், அதை நீல நிற ஓட்டையிலிருந்து கழற்றிக் கறுப்பு ஓட்டையில் மாட்டுங்கள். நீல ஓட்டையில் பென் டிரைவ் போன்றவை ஓடும்போது எழும் இரைச்சல் மவுஸின் அலையைக் குழப்பும். புளூடூத் ஸ்பீக்கர் என்றால் அது பக்கத்துப் போனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே நிறுத்திவிட்டு இங்கே சேர்க்க வேண்டும்.

போனைத் தகர அலுமாரிக்குள் வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்று சொல்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டோம்! தகரம் அலையை மறிக்கும். போனைக் கணனிக்குப் பக்கத்தில், டவர் சிக்னல் வரும் ஜன்னலோரம் வையுங்கள்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் இந்த மண்டபத்திலேயே இருப்போம். கணனியைச் சுமந்து வர வேண்டாம். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று போனில் படம் எடுத்து வந்தால் போதும். 2032 பெட்டரி சிலவும் வாங்கி வைத்திருக்கிறோம், வாங்கிய விலைக்கே தருவோம். அந்தப் பக்கத்துக் காம்பராப் பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.