இருட்டில் மினுங்கும் கிருமி
(திண்டிவனத்தில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டத்துல வந்து சளியைப் பத்திப் பேசறேன்னு யாரும் மூக்கைப் பொத்திக்க வேண்டாம். சேரியில ஒருத்தர் ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா ஊர்ல என்ன சொல்றான்? 'குடிக்கிறான், பீடி புடிக்கிறான், அதான்.' விழுப்புரம், திண்டிவனம் பக்கம் குவாரியில கல் உடைக்கிறவன் நெஞ்சுக்குள் போகும் தூசு பற்றிப் பேச்சே இல்லை. கல்தூசு படிந்த நுரையீரலைக் காசநோய் சுலபமாகப் பிடிக்கிறது. மருத்துவத்துக்கு இது பழைய செய்தி.

1882இல் ராபர்ட் காக் இந்தக் கிருமியைக் காட்டியதே சாயம் ஏற்றித்தான். மெழுகு மாதிரி மேலுறை. சாயம் லேசில் ஏறாது, ஏறினால் அமிலம் ஊற்றினாலும் இறங்காது. பழைய ஜீல்-நீல்சன் முறையில் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சியைத் தேட வேண்டும். ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். கண் வலிக்கிற வேலை.

ஆரமைன் சாயம் வேறு மாதிரி. அமிலத்தில் கழுவி, பெர்மாங்கனேட் ஊற்றிப் பின்புலத்தைக் கறுப்பாக்கி, நீல ஒளி பாய்ச்சினால் கிருமி மட்டும் மஞ்சளாக மினுங்கும். சிறிய லென்ஸே போதும், பாதிக்கும் குறைவான நேரம், பழைய முறையைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதலாகப் பிடிபடும். முன்பு இதற்குப் பாதரச விளக்கு வேண்டும். 200 மணி நேரத்தில் தீர்ந்துபோகும், விலையும் அதிகம். எல்.இ.டி. வந்த பிறகுதான் சின்ன ஊர்களுக்கும் எட்டியது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது.

ஆனா ஒண்ணு. எச்சிலைத் துப்பிக் குடுத்தா எந்த விளக்கும் எதையும் காட்டாது. காலையில நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளி வேணும். அதைச் சொல்லித் தராம டப்பாவைத் தூரத்திலிருந்து நீட்டுறவங்களை நான் பார்த்திருக்கேன். அப்புறம் 'கிருமி இல்லை'ன்னு சீட்டு வரும். அந்தச் சீட்டு நோய் இல்லைன்னு அர்த்தமில்லை. இருமல் நிக்கலைன்னா சிபிநாட், ட்ரூநாட் மாதிரி மரபணுச் சோதனையைக் கேளுங்க, எக்ஸ்ரேயும் கேளுங்க. மருந்துக்கு அடங்காத கிருமியா என்று ஆரமைனால் சொல்ல முடியாது. செத்த கிருமியும் மினுங்கும்.

கிருமி தெரிஞ்சதும் நடக்கிறது இன்னொரு கொடுமை. தனித்தட்டு, தனிக்குவளை, பொம்பளைன்னா தாய் வீட்டுக்கு அனுப்புறது. தீண்டாமையை அனுபவிச்ச நாமளே அதை வீட்டுக்குள்ள செய்யறோம். சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் 193 ஏழை நோயாளிகளை எடுத்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் குடிசையிலும் வைத்து மருந்து கொடுத்தது. குடிசையில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள் என்று 1959இல் வெளியிட்டார்கள். தொடர்ந்து கவனித்தபோது வீட்டாருக்கும் அதனால் தொற்று கூடவில்லை. தள்ளி வைக்கச் சொல்றவங்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்க.

ரெண்டு மாசம் மருந்து முடிஞ்சதும் சளியை மறுபடி பார்க்கணும். உடம்பு தேறின மாதிரி இருக்கேன்னு ஆள் குவாரிக்குப் போயிடறது அப்பத்தான். அன்னிக்குக் கூலியை விட்டுட்டு வர அவருக்கு முடியாது. உங்கள்ல ஒருத்தர் முந்தின நாளே டப்பாவை வாங்கிக் குடுத்து, விடியக்காலம் போய் வாங்கிட்டு வந்து சேர்க்கலாம்.