தொலைக்காட்சியில் கைப்பக்குவம்



இலக்கியத் தொடரில் பேச வந்த தமிழாசிரியன் கேக் அடிக்கும் போட்டிகளைப் பற்றிப் பேசப் போகிறான் என்றால், வானொலியை மூடிவிட்டு வேறு அலுவல் பார்க்க நினைக்கும் நேயர்களும் இருக்கக்கூடும். அவர்களைச் சற்றுப் பொறுத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் குறுந்தொகையிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

அத்தொகையில் 167ஆவது பாட்டு கூடலூர் கிழார் பாடியது. புதுக் குடித்தனம் தொடங்கிய பெண்ணொருத்தி கணவனுக்காகச் சமைக்கிறாள். கட்டித் தயிரைக் கையாலேயே பிசைகிறாள். அந்த விரல்களை உடுத்த சேலையிலே துடைத்துவிட்டு, அதைத் துவைக்காமலே உடுத்தபடி அடுப்படியில் நிற்கிறாள். தாளிதப் புகை கண்ணில் ஏறுகிறது. ஒருவாறு புளிக்குழம்பு ஆகிவிடுகிறது. கணவன் உண்கிறான், சுவையாயிருக்கிறது என்னும் பொருள்பட ஒரேயொரு சொல் சொல்கிறான். அவள் முகத்தில் மகிழ்ச்சி படர்கிறது. உற்றுப் பார்த்தாற்றான் தெரியும், அவ்வளவு மெல்லியதாக. இதையெல்லாம் பார்த்து வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்வதாகப் பாட்டு அமைந்திருக்கிறது.

வகுப்பிலே இதை விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், இது டீவீயில வாற சமையல் போட்டி மாதிரியே இருக்கு" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு திரும்பும்போது பஸ்ஸிலே யோசித்துப் பார்த்தால், பிள்ளை சொன்னது சரிதான். தொழிலாகச் சமைக்காத ஒருத்தி, கறைபட்ட உடை, கண்ணிலே புகை, ஒரு சொல்லில் தீர்ப்புச் சொல்லும் நடுவர், அவள் முகத்தையே நெருங்கிப் பார்க்கும் ஒரு கண், தொலைவில் இருந்து கேட்டு மகிழும் ஒரு தாய். எல்லாம் இருக்கின்றன.

பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சி 'கிரேட் பிரிட்டிஷ் பேக் ஓஃப்' என்றொரு போட்டியைத் தொடங்கியது. 2017 முதல் அது சனல் 4 அலைவரிசைக்கு மாறியது. பசும்புல் வெளியிலே வெள்ளைக் கூடாரம், அதற்குள் அடுப்புகள், போட்டியாளர்கள் எல்லோரும் வீட்டில் மட்டும் கேக்கும் பாணும் சுட்டுப் பழகியவர்கள். வாரத்துக்கொருவராக வெளியேறிக் கடைசியில் ஒருவர் மிஞ்சுவார். அவருக்குக் கிடைப்பது பெயர் பொறித்த கேக் தட்டொன்றும் பூங்கொத்தும். பணம் இல்லை. இதே முறையில் 2013இல் தையற்போட்டி வந்தது. 2015இல் மட்பாண்டம் வனையும் போட்டியும் வந்தது.

இப்போட்டியின் மூன்று சுற்றுகளில் நடுச்சுற்றுத்தான் என்னைக் கட்டிப்போட்டது. போட்டியாளர் எல்லோருக்கும் ஒரே செய்முறைத் தாள் கொடுக்கப்படும். அதிலே வேண்டுமென்றே பலவற்றை விட்டிருப்பார்கள். மாவைப் பிசைக, வெதுப்புக என்று இருக்கும். எவ்வளவு நேரம், எத்தனை பாகை வெப்பம் என்பது பெரும்பாலும் இராது. யார் செய்தது என்று தெரியாமலே நடுவர்கள் சுவைத்து வரிசைப்படுத்துவார்கள். தாளை வைத்துக்கொண்டு விழிப்பவர்களும் உண்டு. மாவைத் தொட்டுப் பார்த்ததுமே கை வேலையைத் தொடங்கிவிடுகிறவர்களும் உண்டு. சோதிக்கப்படுவது எழுத்திலே வராத அறிவு.

அதற்குத் தமிழில் பெயர் இருக்கிறது. பதம் என்கிறோம். பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பிரிக்கிறோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். நன்னூலைப் பிரித்தால் பதவியல் என்று ஓர் இயலே உண்டு. அங்கே பதம் என்பது சொல். சமையலில் பதம் என்பதோ சொல்லிக் கொடுக்க முடியாதது. ஒரே சொல் இவ்விரண்டு வேலையையும் செய்து வருவதை, இருபது வருடம் இலக்கணம் படிப்பித்தும் நான் கவனித்ததில்லை. அம்மாவின் கொப்பி கையில் கிடைத்தபோதுதான் கவனித்தேன்.

என் தாயார் தீபாவளிக்கு அதிரசம் சுடுவார். அவர் காலமான பின் அலுமாரியிலே ஓர் ஒற்றை ரூல் கொப்பி அகப்பட்டது. அதிரசத்துக்கு இரண்டரை வரி எழுதியிருந்தார். பச்சையரிசி மா எத்தனை சுண்டு, சர்க்கரை எவ்வளவு, ஏலக்காய் கொஞ்சம்; பிறகு, 'பாகு பதம் வந்ததும் மாவைக் கொட்டு'. அவ்வளவுதான். பேக் ஓஃப் கூடாரத்திலே கொடுக்கும் தாளை என் தாயார் அதற்குப் பல வருடம் முன்பே எழுதி வைத்திருக்கிறார். பாகிலே ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த உருண்டை விரலுக்கு எப்படி இருக்க வேண்டும் என்பது தெரியாது. நாற்பது வயது வரை தின்றவன் ஒரு நாளாவது விரலை நீட்டிக் கேட்டதில்லை.

இத்தகைய போட்டிகள் வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட என்னால் முடியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். அவற்றின் வேரும் கூடாரத்துக்கு அப்பால் போகிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே 1897இல் கிராமப் பெண்கள் ஒன்றுகூடி மாதர் நிலையமொன்றை அமைத்தார்கள். சமையல், தையல், பிள்ளை வளர்ப்பு இவையெல்லாம் கற்றுப் பயில வேண்டிய அறிவு என்பது அவர்கள் கொள்கை. 1915இல் அவ்வியக்கம் பிரித்தானியாவுக்கு வந்தது. அந்நாட்டுக் கிராமச் சந்தை விழாக்களிலே கேக்கும் ஜாமும் வைத்துப் பரிசு பெறும் வழக்கத்தை வளர்த்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. தொலைக்காட்சிக் கூடாரம் அந்த விழாக்களின் சாயலிலேயே போடப்பட்டது.

அதே விதை இங்கும் விழுந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஒன்ராறியோவில் பிறந்து, மருத்துவராக 1896இல் இலங்கைக்கு வந்து, ஒரு தமிழரை மணந்து இங்கேயே வாழ்ந்து மறைந்த டொக்டர் மேரி இரட்ணம், தம் நாட்டு மாதர் நிலையங்களை முன்மாதிரியாகக் கொண்டு 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களுக்குச் சுகாதாரமும் கைப்பணியும் கற்பித்த இயக்கம் அது. 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. அப்பணியின் ஒரு கிளைதான் பாடசாலைகளிலே மனைப்பொருளியலாக இருக்கிறது என்று நான் எண்ணுவதுண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள் எடுக்கும் பாடமல்ல என்று பெற்றோர் அதை ஒதுக்குவதை ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கிறேன். தமிழிலக்கியத்தையும் அப்படித்தான் ஒதுக்குகிறார்கள். ஆகவே எனக்கு அந்த ஆசிரியைகள்மேல் ஒரு சொந்தபந்த உணர்வு.

2015இல் பேக் ஓஃப் போட்டியில் வென்ற நதியா உசைன் பங்களாதேசப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். அவர் வளர்ந்த வீட்டிலே வெதுப்படுப்பு பாத்திரம் அடுக்கி வைக்கும் இடமாகவே இருந்ததாம். அதற்குள் கேக் வேகும் என்பதைப் பாடசாலையில் மனைப்பொருளியல் ஆசிரியையிடமே கற்றார். அவ்வாண்டு இறுதிப் போட்டியை ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு எலிசபெத் மகாராணியின் 90ஆவது பிறந்தநாளுக்கு அவரே கேக் செய்தார். ஒரு பாடசாலை ஆசிரியை ஒரு பிற்பகலில் அடுப்பைத் திறந்து காட்டியதன் விளைவு இது.

நம்மவர்களும் இல்லாமலில்லை. இலங்கையில் பிறந்து பிரித்தானியா சென்ற சகு சந்திரசேகர 2023இல் அதே கூடாரத்தில் நின்றார். 1990இல் பி.பி.சி. தொடங்கிய 'மாஸ்ரர் செஃப்' போட்டியின் 2024ஆம் ஆண்டு வெற்றியாளர் பிரின் பிரதாபன், இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகன். தொழிலால் மிருக வைத்தியர். விலங்குகளுக்கு மருந்து கொடுப்பவர் மாலையிலே வந்து அடுப்பங்கரையில் நின்று இந்நிலையை எட்டியது, வைத்தியராவதே பிறவிப்பயன் என்றிருக்கும் நம் வீடுகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

தமிழ்த் தொலைக்காட்சியைப் பற்றிச் சொல்லும்போது எனக்குச் சிறு மனத்தாங்கல் உண்டு. 2021இல் சன் தொலைக்காட்சி மாஸ்ரர் செஃப் போட்டியைத் தமிழில் நடத்தியது. விஜய் சேதுபதி தொகுத்து வழங்கினார். தேவகி விஜயராமன் வென்றார். நல்ல முயற்சி. ஆனால் நம் வீடுகளில் விடாது பார்க்கப்பட்டது 2019இல் விஜய் தொலைக்காட்சி தொடங்கிய 'குக்கு வித் கோமாளி'தான். சிரிப்புக்குக் குறைவில்லை, நானும் பார்த்துச் சிரித்தவன்தான். அங்கே அடுப்படியில் நிற்பவர்கள் பெரும்பாலும் திரையில் முன்பே தெரிந்த முகங்கள். பெயர் அறியாத ஒரு வீட்டுப் பெண் வந்து நின்று, இது என் மாமி காட்டித் தந்தது, இவ்வளவு நேரத்தில் இறக்கினால்தான் சரி என்று சொல்லும் வாய்ப்பு அங்கே மிகக் குறைவு. சமையல் மேடையேறிவிட்டது, சமைத்தவள் குசினியிலேயே நிற்கிறாள்.

குசினி என்றேன். அச்சொல் போர்த்துக்கேயம். பாண், அதைச் சுடும் போறணை, விசுக்கோத்து, மேசை, கோப்பை, சேலைக்கரையில் வைக்கும் ரேந்தை எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். நான் குடியிருக்கும் வஹகோட்டையிலே இது அகராதிச் செய்தியாக இருப்பதில்லை. கண்டி அரசர் காலத்தில் இங்கே குடியமர்ந்த போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று சொல்லிக்கொள்ளும் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஊரில் பல. புனித அந்தோனியார் கோவிலைத் தெரியாதவர் மாத்தளை மாவட்டத்தில் இல்லை.

எங்கள் அடுத்த வீட்டு ஆச்சி அம்மா அத்தகைய குடும்பத்தவர். சிங்களம் பேசுபவர். நத்தாருக்கு லவ் கேக் செய்வார். ரவை, கஜு, முட்டை மஞ்சட்கரு, சீனிப்பாகில் ஊறிய பூசணி, பன்னீர், சாதிக்காய், ஏலம். அந்தப் பூசணியைப் புஹுல் தோசி என்பார். தோசியும் போர்த்துக்கேயச் சொல்தான். அவரிடம் மின்சார அடுப்பு இல்லை. தட்டைக் கனல்மேல் வைத்து, மேலே தகரம் மூடி, அதன்மேலும் சிரட்டைக் கரி பரப்புவார். தகரத்திலே ஒரு சிட்டிகை மாவைத் தூவி, அது நிறம் மாறும் விரைவைக் கொண்டு சூட்டை அறிவார்.

ஒரு நாள் கைத்தொலைபேசியிலே பேக் ஓஃப் போட்டியை அவருக்குக் காட்டினேன். போட்டியாளர்கள் கண்ணாடிக் கதவின் முன் குந்தியிருந்து உள்ளே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆச்சி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் மகன் இப்படிப் பார்க்கிறார்கள்? மணம் வந்து சொல்லுமே" என்றார். பிறகு பரிசு என்னவென்று கேட்டார். ஒரு தட்டு என்றேன். "கேக்கோடா, வெறும் தட்டா?" என்றார்.

எங்கள் ஒழுங்கையிலே வெறும் தட்டுத் திரும்பிப் போவதில்லை. நத்தாருக்கு அவர் தட்டு வரும். தீபாவளிக்கு எங்கள் தட்டுப் போகும். அம்மா இருந்த காலம் முழுவதும் அப்படியே. அம்மாவின் அதிரசத்தை வருடந்தோறும் உண்டு, அதன் சுவையை இன்றும் நாவில் வைத்திருப்பவர் எங்கள் குடும்பத்துக்கு வெளியே அவர் ஒருவர்தான். உண்மையைச் சொன்னால், குடும்பத்துக்குள்ளும் எவருக்கும் அவரளவு துல்லியமாக ஞாபகமில்லை.

அம்மா போன பின் மூன்று தீபாவளிக்கு நானும் மனைவியும் கொப்பியை வைத்துக்கொண்டு அதிரசம் சுட்டோம். மூன்று முறையும் தட்டு அவரிடம் போனது. முதல் வருடம் ஒரு துண்டைக் கடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே எடுத்துப் போனார். இரண்டாம் வருடம், "பாகு கடந்துவிட்டது" என்றார். சென்ற வருடம் மெதுவாக மென்றார். வாசலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். "கிட்ட வந்திருக்கிறீர்கள் மகன். மாவை இன்னும் கொஞ்சம் முந்திக் கொட்டச் சொல்லுங்கள்" என்றார். வீட்டுக்கு வந்து அதை அம்மாவின் கொப்பியில், அந்த இரண்டரை வரிக்குக் கீழே, பென்சிலால் எழுதி வைத்தேன்.