பெரிய வீட்டு அம்மாவின் பழைய கதை

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரி நாட்களில் மறக்க முடியாத ஒருவரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று செயலாளர் சொன்னார். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ஆசிரியைகளைப் பற்றிப் பேசிவிட்டார்கள். நான் பேசப்போவது ஸ்டெஃபனி ஃபாரெஸ்டர் என்ற அம்மாளைப் பற்றி. (சிரிப்பு) சிரிக்கிறவர்கள் எல்லாம் எங்க செட்டுதான், முகத்தைப் பார்த்தாலே தெரியுது.

இந்நாள் மாணவியருக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் ஹாஸ்டல் டிவியில் தூர்தர்ஷன் மட்டும்தான். 1991ல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவி ஆரம்பமாகி, அப்புறம் தெருத்தெருவாகக் கேபிள் ஒயர் வந்தது. கல்லூரிக்குப் பின்தெருவில் என் தோழி வீட்டில் முதலில் கனெக்‌ஷன் கொடுத்தார்கள். லீவு நாட்களில் நாங்கள் நாலைந்து பேர் அங்கே போய் உட்கார்ந்துவிடுவோம். ‘தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்’ என்ற அமெரிக்க சீரியலை அப்படித்தான் பார்த்தோம். லாஸ் ஏஞ்சலஸில் உடை வடிவமைக்கும் ஒரு பணக்காரக் குடும்பத்தின் கதை. அந்த வீட்டு எஜமானிதான் ஸ்டெஃபனி. நடித்தவர் சூசன் ஃப்ளானரி.

இங்கிலீஷ் கத்துக்கறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பார்த்தோம். எவ்வளவு கத்துக்கொண்டோம் என்பது வேறு விஷயம்.

எங்களுக்கெல்லாம் ஸ்டெஃபனியைக் கண்டாலே ஆகாது. மூத்த மகன் ரிட்ஜ் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும், யாரைப் பார்க்கவே கூடாது என்பதெல்லாம் அந்த அம்மா தீர்மானிப்பார். ப்ரூக் லோகன் என்ற பெண்ணை வாசற்படி ஏறவிடமாட்டார். நாங்கள் மொத்தமாக ப்ரூக் கட்சி. பத்தொன்பது வயதில் வேறு எந்தக் கட்சியில் இருப்போம்?

அந்த வீட்டில் எங்களோடு சேர்ந்து பார்த்தவர் தோழியின் பாட்டி. அவரும் பெரிய வீட்டு அம்மாதான். இடுப்பில் சாவிக்கொத்து. எத்தனை பிஸ்கட் தின்றோம் என்று எண்ணி வைத்திருப்பார். இடது கை மணிக்கட்டு சரியாக மடங்காது. டம்ளரை எப்போதும் வலது கையால்தான் எடுப்பார். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. ஒருநாள் நாங்கள் ஸ்டெஃபனியைத் திட்டிக்கொண்டிருந்தபோது பாட்டி சொன்னார்: "அவ நிக்கறதைப் பாருங்கடி. யாரோ அடிக்க வர்ற மாதிரியே நிக்கறா. சின்ன வயசுல வாங்கியிருப்பா."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அதை இங்கே ஒத்துக்கொண்டுதான் ஆகவேண்டும்.

இப்போது கதைக்கு வருகிறேன். இந்த சீரியலை வில்லியம் பெல், லீ ஃபிலிப் பெல் என்ற தம்பதி உருவாக்கினார்கள். 1987 மார்ச் 23 அன்று முதல் பகுதி ஒளிபரப்பானது. ஆரம்பத்திலேயே ஸ்டெஃபனிக்கு ஒரு பழைய கதை கொடுத்திருந்தார்கள். கல்லூரி நாட்களில் எரிக் என்பவன் பெத் என்ற பெண்ணைக் காதலித்தான். ஆனால் ஸ்டெஃபனி கர்ப்பமாகிவிட்டதால் அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். தொழில் தொடங்க முதல் போட்டது ஸ்டெஃபனியின் பிறந்த வீட்டுப் பணம். அந்த பெத்தின் மகள்தான் ப்ரூக். ஆக, அந்தப் பெண்ணின் மேல் அத்தனை ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறதா? அப்போது எங்களுக்குப் புரியவில்லை. பாதி வசனமே புரியாத காலம்.

2001ல் இன்னொரு பூட்டு திறந்தது. எந்தக் குழந்தைக்காக எரிக் கல்யாணம் செய்துகொண்டானோ, அந்த ரிட்ஜ் எரிக்கின் மகனே இல்லை. மாசிமோ மரோன் என்ற பழைய நண்பரின் மகன். பதினான்கு வருஷமாக ஓடிய கதைக்கு அஸ்திவாரமே ஆட்டம் கண்டது. பிறகு 2006 வாக்கில் மூன்றாவது பூட்டு. ஸ்டெஃபனியின் அப்பா அவளைச் சிறு வயதில் அடித்திருக்கிறார். அம்மா தடுக்கவில்லை. அந்த அம்மா, ஆன் டக்ளஸ் வேடத்தில் வந்தவர் பெட்டி வைட். வாழ்நாள் முழுக்கச் சிரிக்க வைத்த நடிகை. அவரைக் கூட்டிவந்து, மகள் அடி வாங்குவதைத் தெரியாததுபோல் இருந்த தாயாக உட்கார வைத்தார்கள். அந்தச் சிரித்த முகத்தோடு அவர் மறுக்க மறுக்க, பார்க்கிறவர்களுக்கு வயிற்றைப் பிசையும்.

இங்கேதான் சீரியல் தொழிலில் ஒரு சங்கதி இருக்கிறது. நாவலில் ஆசிரியருக்கு முதலிலேயே ரகசியம் தெரியும், நம்மிடமிருந்து மறைக்கிறார். சீரியலில் அநேகமாக மறைக்க ஒன்றுமே இருக்காது. தினம் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள், வருஷக்கணக்காக ஓட்ட வேண்டும். நிகழ்காலம் தீர்ந்துபோனால் கடந்தகாலத்தைத் தோண்ட வேண்டியதுதான். 1993 முதல் கதையின் பொறுப்பு மகன் பிராட்லி பெல் கைக்குப் போய்விட்டது. அப்பா படைத்த பெண்மணிக்கு மகன் பிள்ளைப்பிராயம் எழுதுகிறார்! வேடிக்கையாக இல்லை?

எழுதியதை அழிக்கவும் செய்வார்கள். இதே தம்பதி 1973ல் ஆரம்பித்த ‘தி யங் அண்ட் தி ரெஸ்ட்லஸ்’ சீரியலில் கேத்தரின் சான்ஸ்லர் என்று ஒரு பணக்கார அம்மாள் உண்டு. ஜீன் கூப்பர் 2013ல் இறக்கும்வரை நாற்பது வருஷம் அந்த வேடத்தில் நடித்தார். ஜில் என்ற பெண்ணோடு ஜென்மப் பகை. 2003ல், அந்த ஜில்தான் கேத்தரின் பெற்றுக் கைவிட்ட மகள் என்றார்கள். 2009ல், இல்லை, தப்பு என்றார்கள். அடுத்த வருஷம் டக்கர் என்ற மகனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வாடகை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி.

ஸ்டெஃபனி விஷயம் மட்டும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் நடிகை. 2006ல் எழுதப்பட்ட அடியை சூசன் ஃப்ளானரி 1987லேயே தோளில் வாங்கி வைத்திருந்த மாதிரி இருக்கிறது. நிமிர்ந்த கழுத்து, யார் பக்கத்தில் வந்தாலும் ஒரு அடி பின்வாங்காமல் நிற்பது. எங்க பாட்டி பார்த்தது அதைத்தான்.

அதற்காக ஸ்டெஃபனி செய்ததெல்லாம் சரி என்று நான் வக்காலத்து வாங்க வரவில்லை. மகனை டெய்லருடன் சேர்த்துவைக்க 2005ல் மாரடைப்பு வந்த மாதிரி நடித்தாரே, அது சுத்த அக்கிரமம். அடி வாங்கிய குழந்தை வளர்ந்து அடுத்தவர் பிள்ளைகளை ஆட்டிவைத்தால், அந்தப் பிள்ளைகளுக்கு வலிக்காமலா போகும்? ப்ரூக் கட்சியிலிருந்து நான் இன்னும் ராஜினாமா செய்யவில்லை. (சிரிப்பு)

2009ல் கணவர் வேலை விஷயமாகக் கலிஃபோர்னியாவில் இருந்தோம். பகலில் தனியாக டிவி போட்டபோது, பதினைந்து வருஷம் கழித்து அதே ஸ்டெஃபனி! தலை நரைத்திருந்தது. தாய் ஆன் டக்ளஸுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. கடலைப் பார்த்துக்கொண்டு சாக வேண்டும் என்று ஆசைப்படுகிறார். இரண்டு மகள்களும் கடற்கரைக்கு அழைத்துப்போய் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தத் தாய் தன்னைக் காப்பாற்றவில்லையோ, அவர் தலையைத் தாங்கிக்கொண்டு ஸ்டெஃபனி உட்கார்ந்திருக்கிறார். மறுவருஷம் ஸ்டெஃபனிக்கே நுரையீரல் புற்றுநோய் என்று கதை வந்தது. வீடில்லாதவர்கள் தெருவில் படுத்திருக்கும் ஸ்கிட் ரோ பகுதிக்கே போய்ப் படம் பிடித்து, அங்கிருந்த நிஜ மனிதர்களைப் பேச வைத்தார்கள். 2012 நவம்பரில் அந்தப் பாத்திரம் இறந்தது, யார் மடியில் தெரியுமா? ப்ரூக் கையில்.

கடற்கரைக் காட்சியைப் பார்த்த அன்றே, நேரம்கூடப் பார்க்காமல், என் தோழிக்குப் போன் போட்டேன். அவள் இங்கே மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். அவளிடம் அனுமதி வாங்கித்தான் இதைச் சொல்கிறேன். பாட்டி 1998லேயே தவறிவிட்டார். "உங்க பாட்டி சொன்னது சரியா இருந்ததுடி, எப்படி கண்டுபிடிச்சாங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்: "பாட்டி கை ஞாபகம் இருக்கா? கல்யாணம் ஆன புதுசுல மாடிப்படியில விழுந்ததுன்னு சொல்வாங்க. நாங்களும் அப்படியே நம்பிட்டோம். எங்க வீட்டுக்கு மாடி கட்டினது 1970லடி."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் போனை வைக்கவில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.