'ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார்': வாடகைக் காரில் காஞ்சிபுரம் போறதுக்கு முன்னாடி

கல்யாண சீசன் வந்தாச்சு. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர்தான். நாலு பேர் சேர்ந்து ஒரு செல்ஃப் டிரைவ் கார் எடுத்தா, காலையில காமாட்சி அம்மன் தரிசனம், அப்புறம் காந்தி ரோட்டுல முகூர்த்தப் புடவை, ராத்திரிக்குள்ள வீடு. சாவி வாங்கும்போது "இன்சூரன்ஸ் இருக்கா?"ன்னு கேட்போம். "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார்"னு பதில் வரும். அதோட விட்டுடுவோம். அந்த 'ஃபுல்' யாருக்கு, எதுவரைக்கும்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

முதல்ல நம்பர் பிளேட்டைப் பாருங்க. செல்ஃப் டிரைவ் வாடகைக்குப் பதிவான காருக்குக் கறுப்பு பிளேட்டுல மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளை பிளேட்டுல கறுப்பு எழுத்துன்னா அது சொந்த உபயோகத்துக்கான கார். "தெரிஞ்சவர் வண்டி, ரேட் கம்மி"ன்னு கிடைக்கிறது பெரும்பாலும் இதுதான். தனியார் கார் பாலிசியிலேயே 'வாடகைக்கு விடக்கூடாது'ன்னு நிபந்தனை இருக்கு. அப்படி விட்ட வண்டி இடிச்சா, வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மை நிறுவனம் மறுக்கலாம். அந்தச் செலவைக் கேட்டு ஓனர் யார்கிட்ட வருவார்? ஓட்டின உங்ககிட்டதான்.

சரி, முறையான வாடகை வண்டிதான். இப்போ பாலிசிக்குள்ள போவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146-ன்படி எல்லா வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். ரோட்டுல போற ஒருத்தர் மேல நீங்க மோதிட்டா, அவருக்கான இழப்பீடு இதுல வரும். உங்க காருக்கு ஒரு ரூபாய்கூட வராது.

காரோட சேதத்துக்கு 'ஓன் டேமேஜ்' தனியா வேணும். அதுலயும் எல்லாம் அடங்காது. வேற சேதம் இல்லாம டயர் மட்டும் கிழிஞ்சா வராது. தேங்கின மழைத் தண்ணியில இறக்கி இன்ஜின் போனா, அதுக்குன்னு கூடுதல் கவர் எடுக்காத பாலிசியில பெரும்பாலும் வராது. குடிச்சிட்டு ஓட்டினா கண்டிப்பா வராது. கார் ஒர்க்ஷாப்ல நிக்குற நாளுக்கான வாடகை நஷ்டத்தையும் பாலிசி தராது. ஆனா வாடகை ஒப்பந்தத்துல அந்த நஷ்டத்தை உங்க தலையில கட்டுற வரி இருக்கலாம். 'சேதம்னா இவ்வளவு வரைக்கும் வாடிக்கையாளர் பொறுப்பு'ன்னு ஒரு தொகையும் இருக்கும். கூடுதல் பணம் கட்டினா அந்தத் தொகையைக் குறைக்கிற 'டேமேஜ் புரொடெக்‌ஷன்' பிளானும் சில இடத்துல உண்டு. கோயிலைச் சுத்தி இருக்கிற நெருக்கமான தெருவுல ஒரு ஆட்டோ உரசினாலே, முதல்ல வேலைக்கு வர்றது இந்தத் தொகைதான்.

எல்லாத்தையும் விட முக்கியம், ஓட்டுற நீங்க. 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதோட பேரே 'ஓனர் டிரைவர்' கவர். வண்டி யார் பேர்ல இருக்கோ அவருக்குத்தான். வாடகைக்கு எடுத்தவருக்கு இல்லை.

2009-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன ஒரு வழக்கு இருக்கு. காஞ்சி மாதிரியே சேலைக்குப் பேர்போன ஊர் கர்நாடகாவோட இல்கல். அங்கிருந்து ஒருத்தர் இரவல் பைக்ல சொந்த ஊருக்குக் கிளம்புறார். முன்னாடி போன மாட்டு வண்டியில மோதி இறந்துடுறார். தவறு யார் மேலன்னு நிரூபிக்கத் தேவையில்லாத, அப்போ இருந்த 163A பிரிவுல குடும்பம் இழப்பீடு கேக்குது. கோர்ட் என்ன சொல்லுச்சு? இரவல் வாங்கி ஓட்டினவர் ஓனரோட இடத்துல நிக்கிறார், அதனால அந்தப் பிரிவுல அந்த வண்டியோட பாலிசிகிட்டயே கேக்க முடியாது. வாடகைக் காரை ஓட்டுறவங்களுக்கும் இதே வாதம் வரலாம். அதனால உங்க பேர்ல தனியா ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்து வைங்க. அது எந்த வண்டியில போனாலும் உங்ககூட வரும்.

புடவைக் கடையில நாம என்ன பண்றோம்? சரிகை அசலான்னு கேக்குறோம், சில்க் மார்க் லேபிளைத் தேடுறோம். கார்லயும் அதையே பண்ணுங்க. எம்பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டா இன்சூரன்ஸ் எப்போ முடியுதுன்னு தெரியும். ஒப்பந்தத்துல உங்க பொறுப்புத் தொகை எவ்வளவுன்னு படிங்க. மாத்தி ஓட்டப்போற நண்பர் பேரையும் அதுல சேருங்க. கிளம்புறதுக்கு முன்னாடி காரைச் சுத்தி வந்து, ஏற்கெனவே இருக்கிற கீறல், டயர், மீட்டர் எல்லாத்தையும் ஒரு வீடியோ எடுங்க. இடிச்சிட்டா அங்கேயே போட்டோ எடுத்து, வாடகை நிறுவனத்துக்கு உடனே சொல்லுங்க. "அப்புறம் பார்த்துக்கலாம்"னு கிளம்பி வந்தா க்ளெய்ம் சிக்கலாகும்.

எல்லாம் சேர்த்து பத்து நிமிஷ வேலைதான். புடவை செலக்ட் பண்ண எடுத்துக்குற நேரத்துல இது ஒரு பங்குகூட இல்லை. இந்த எபிசோடை அந்த வாட்ஸ்அப் டிரிப் குரூப்ல போட்டு விடுங்க.