வீடு போதாது, பள்ளிதான் வேண்டும்!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, 'எல்லாம் வீட்டிலேதான்' என்று அடித்துப் பேசிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே!

சண்டையைச் சமாதானமாகத் தீர்க்கக் கற்றுக் கொடுப்பது வீடாம். எந்த வீடு ஐயா? பையன் அடி வாங்கிட்டு அழுதுகிட்டே வந்தா என்ன சொல்றோம்? "உனக்குக் கை இல்லையா? ரெண்டு திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே!" (கைதட்டல்)

பெத்த மனசு அப்படித்தான். ஆனா வீட்டிலே ஒரு பக்கத்து நியாயம்தான் கேட்கும். அடுத்த தெருக்காரப் பிள்ளை நம்ம பிள்ளையோடு சேர்ந்து உட்காருகிற இடம் வகுப்பறை பெஞ்சு ஒன்றுதான்.

2023 ஆகஸ்டிலே, நெல்லை மாவட்டம் நாங்குநேரியிலே பிளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளையை, கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. காரணம் சாதி! ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்கள் விசாரித்து 2024 ஜூனிலே அறிக்கை கொடுத்தார். கையிலே சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரிலே சாதி கூடாது என்றார்.

வெட்டினவனையும் வெட்டுப்பட்டவனையும் உட்கார வைத்துச் சமரசம் பேசச் சொல்லவில்லை நான். அதுக்குச் சட்டம் இருக்கு. நான் கேட்கிறது, அதற்கு முந்தின நாட்களை! கேலி, பட்டப்பெயர், முறைப்பு... அப்போ என்ன செய்றோம்? ரெண்டு பேரையும் முட்டி போட வைக்கிறோம். மணி அடிச்சா சண்டை கேட்டுக்கு வெளியே தொடருது.

பல நாட்டுப் பள்ளிகளிலே, பயிற்சி பெற்ற மூத்த மாணவன் நடுவிலே உட்காருவான். நீ சொன்னதை அடுத்தவன் அப்படியே திருப்பிச் சொல்லணும். "ஆமா, இதைத்தான் சொன்னேன்"னு நீ ஒத்துக்கிட்ட பிறகுதான் அவன் முறை. இந்த விதி பட்டிமன்றத்துக்கு வந்தா எங்க பிழைப்பு போயிடும்! (சிரிப்பு)

வட அயர்லாந்திலே கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுக்கும் தனித்தனிப் பள்ளி, வெளியே குண்டு. 1981-லே பெல்ஃபாஸ்ட்டில் 'லாகன் கல்லூரி' என்ற பள்ளியிலே இரு தரப்பிலிருந்தும் 28 பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் அமைதி ஒப்பந்தம் போட்டது 1998-லே! அந்தப் பள்ளியைத் தொடங்கியது யார்? பெற்றோர்கள். எதிரணி சிரிக்கிறார்கள், பார்க்கிறேன்! ஐயா, வீடே போதும் என்றால் அந்தப் பெற்றோர்கள் எதற்குப் பள்ளி தொடங்கினார்கள்? (பலத்த கைதட்டல்)

இதற்கு அவர்கள் பதில் சொல்லட்டும். பிறகு நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.