டாக்டரின் வழிகாட்டி நெறிமுறை சட்டமாக வேண்டுமா?



டெங்கு சீசன் வந்தாலே வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி சுத்தும். "பிளேட்லெட் 40,000-க்கு வந்திடுச்சு, டாக்டர் ஏன் இன்னும் ஏத்தல?" நீங்களும் பார்த்திருப்பீங்க.

டெங்கு சிகிச்சைக்கு மத்திய அரசின் தேசிய வழிகாட்டி நெறிமுறை இருக்கிறது. ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு, பிளேட்லெட் 10,000-க்குக் கீழே போகும்போதுதான் முன்னெச்சரிக்கையாக ஏற்றுவது பற்றி அது பேசுகிறது. அந்த எண்ணைவிட டாக்டர் அதிகம் கவனிப்பது நாடித்துடிப்பு, பிபி, ரத்தம் கெட்டியாகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்பதைத்தான். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் உஷாராக இருக்க வேண்டும். நாமோ "காய்ச்சல் விட்டாச்சு, வீட்டுக்குப் போகலாமா"ன்னு கேட்கிறோம்!

சரி, இந்த நெறிமுறையையே சட்டமாக்கி, மீறினால் அபராதம்னு போட்டுடலாமே? கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதய நோய்க்காக, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் 70 வயதுப் பெரியவருக்கு டெங்கு வந்தால்? அவருக்கு 10,000 வரை காத்திருக்கலாமா என்பதைப் பக்கத்தில் நிற்கும் டாக்டர்தான் முடிவு செய்ய முடியும். அபராதத்துக்குப் பயந்தால் அவர் நோயாளியை விட்டுவிட்டு எண்ணைத்தான் பார்ப்பார். பிரான்ஸ் 1993-ல் இப்படி அபராதத்தோடு நெறிமுறைகளைக் கொண்டுவந்தது. 1999-ல் அந்த அபராத முறை அங்குள்ள உச்ச நிர்வாக நீதிமன்றத்திலேயே அடிபட்டுப்போனது.

அதுக்காக டாக்டர்களுக்குச் சட்டமே கூடாதுன்னு சொல்லவில்லை. டிபி என்று கண்டறிந்தால் தனியார் டாக்டரும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் தண்டனை உண்டு என்கிறது 2018-ன் அரசிதழ் அறிவிப்பு. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ன் மருத்துவக் கவுன்சில் விதி. இதிலெல்லாம் ஆளுக்கு ஆள் மாறுகிற சிகிச்சை முடிவு எதுவும் இல்லை. கட்டாயப்படுத்தலாம், தப்பில்லை.

சிகிச்சை விஷயத்தில், வழக்கமான முறையிலிருந்து விலகியது மட்டுமே அலட்சியத்துக்குச் சான்றாகிவிடாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஏன் விலகினார் என்பது எங்கேயும் எழுதப்படாவிட்டால், பிறகு நோயாளி எதை வைத்துக் கேட்பார்? என் கருத்து இதுதான்: நெறிமுறையைச் சட்டமாக்க வேண்டாம்; விலகும்போது கேஸ் ஷீட்டில் காரணத்தை ஒரு வரி எழுதுவதைக் கட்டாயமாக்கலாம். நேர்மையான டாக்டருக்கும் அந்த ஒரு வரிதான் பாதுகாப்பு.

அந்தக் காரணத்தை நீங்கள் இன்றைக்கே கேட்கலாம். "டாக்டர், எங்களுக்கு மட்டும் ஏன் வேற மாதிரி?" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானோர் விளக்குவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, லேப் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். ஆவணம் கேட்பதானால் எழுத்தில் கேளுங்கள், தேதியோடு. 72 மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான். பொதுவான உடல்நலச் சந்தேகங்களுக்கு 104-ஐ அழைக்கலாம். டாக்டரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். இழப்பீடு கேட்பதென்றால் நுகர்வோர் ஆணையம். அதற்கு 2 ஆண்டு கெடு இருக்கிறது, தள்ளிப்போடாதீங்க.