உழவர் உதவித் தொகையும் பட்டாவும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



இலக்கியம் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். ஆயினும் எனக்கு நேர்ந்த ஒரு வெட்கம் மனத்தை விட்டு அகலாமையால் அதனையே விஷயமாகக் கொண்டேன். பொறுத்தருள்க.

‘மானியம்’ என்னுஞ் சொல் முன்னாளில் வரியின்றி விடப்பட்ட நிலத்தைக் குறித்தது. சேதுபதி மன்னர்கள் இராமேசுவரம் திருக்கோயிலுக்கு ஊர்களை மானியமாக விட்டுச் செப்பேடு எழுதிக் கொடுத்தார்கள். இக்காலத்தில் அச்சொல் அரசாங்கத்தார் உழவனுக்கு அளிக்கும் பொருளுதவிக்கு ஆயிற்று. பொருள் மாறினும் இயல்பு மாறவில்லை. அன்று செப்பேட்டிற் பெயருடையான் பெற்றான். இன்று பட்டாவிற் பெயருடையான் பெறுகின்றான்.

2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசாங்கத்தார் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் திட்டத்தின்படி, நிலமுடைய குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக வங்கிக் கணக்கிற் சேர்கின்றது. 2 ஹெக்டேருக்கு உட்பட்டோர்க்கே என்றிருந்த வரம்பு அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோரும், கடைநிலை ஊழியர் ஒழிந்த அரசாங்க உத்தியோகஸ்தரும் இதற்கு உரியரல்லர். சம்பளம் வாங்கும் உபாத்தியாயனாகிய யானும் உரியனல்லேன், அது நியாயமே.

என் தமையனார்க்குத் திருவாடானைப் பக்கத்தில் கண்மாய்ப் பாசனமாக 3 ஏக்கர் நிலம் உண்டு. அவர் மதுரையிற் கடை வைத்திருக்கின்றார். உழுபவர் வேறொருவர், வாரத்திற்குச் செய்கின்றார். புரட்டாசியிற் புழுதியில் விதைத்து வானத்தை நோக்குவது நம் சீமை வழக்கமன்றோ! ஓராண்டு விதை முளைத்தது, மழை நின்றது, கண்மாய் நிரம்பவில்லை, பயிர் கருகிற்று. அவ்வாண்டும் தமையனார் கணக்கிற்குத் தவணை தவறாது வந்தது. வயலில் நின்றவர் என்னிடம் வந்து, “வாத்தியாரய்யா, விவசாயிக்குப் பணம் வந்திருக்காமே, எனக்கு வரலையே, எங்கே போய்க் கேக்கணும்?” என்றார். யான் விடை கூறமாட்டாது நின்றேன்.

பயிர்க் காப்பீடாவது அவர்க்குக் கிட்டியதோ எனின், அதுவும் இல்லை. 2016இல் வந்த பிரதம மந்திரி காப்பீட்டுத் திட்டம் குத்தகைதாரரையும் வாரக்காரரையும் விலக்கவில்லை. காப்பீட்டுத் தொகையில் சம்பா நெல்லுக்கு நூற்றுக்கு ஒன்றரையும், மிளகாய் முதலியவற்றிற்கு நூற்றுக்கு 5உம் கட்டினாற் போதும். ஆனால் கிராம நிர்வாக அதிகாரியின் அடங்கல் வேண்டும். தம் நிலமல்லாதார்க்குக் குத்தகைச் சீட்டும் வேண்டும். சீட்டு எழுதிக் கொடுத்தால், 1955ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தால் நிலத்தை மீட்பது அரிதாகும் என்று உடையவர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் முழுதும் ஆதாரமற்றதென யான் சொல்லத் துணியேன். ஆயினும் அச்சம் நம்முடையது, நட்டம் அவருடையது. பெறும் 6,000ஐ வாரத்திற் கழித்துக் கொடுக்க எச்சட்டமுந் தடையன்று. தமையனார் இவ்வாண்டு முதல் அவ்வாறு செய்ய இசைந்தார். இதோ முன்வரிசையில் வீற்றிருக்கின்றார். அவர் அனுமதி பெற்றே இதனைக் கூறுகின்றேன்.

இனி, தாமே உழுதும் பெறாதவர் நம்முள் உளர். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின் பாட்டனார் பெற்ற பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே கிடக்கின்றது. இத்திட்டத்திற்கு நில உரிமை பார்க்கும் நாள் 2019 பிப்ரவரி 1. அதற்குப் பின் 5 ஆண்டுகளுக்கு, உடையவர் இறந்து வாரிசுக்கு வந்த மாற்றத்தையன்றி வேறொன்றையும் கொள்ளாது விதி வகுத்தனர். இதற்கிடையே 2020இல் நம் மாகாணத்தில் உரிமையில்லாதார் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவு செய்து, சுமார் 110 கோடி ரூபாய் கொண்டமை வெளிப்பட்டது. உரியவன் பெயர் ஏட்டிலில்லை. உரியனல்லாதவன் பெயர் ஏறிவிட்டது!

பெயர் மாற்றத்திற்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பட்டா, தீர்வை ரசீது ஆகியன வேண்டும். இவை கிடைப்பது அரிதன்று. பங்காளிகள் ஒன்றுகூடிக் கையொப்பமிடுவதே அரிது. வரும் ஞாயிறு தொடங்கிக் காலை 9 மணிக்கு இச்சங்கத் திண்ணையில் இருப்பேன். மனு எழுதித் தருவேன்; கூலி வேண்டா. அண்ணன் தம்பியர் ஒருங்கே வருக.